மகமை யாருக்கு?

(அஞ்சுகிராமத்தில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டுக் கூட்டத்தில் "சமூக முன்னேற்றம்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். முன்னேறியவர் நிறைந்த அவையில் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசுதல் எளிது. கேட்போர்க்கும் அஃது இனிது. நம் முன்னோர் பட்ட பாடுகளைச் சொல்லி, நாம் பெற்ற பேறுகளை எண்ணி, கைதட்டி வீடு திரும்பலாம். அத்தகைய கூட்டங்கள் பலவற்றில் யாமும் பேசியதுண்டு. இன்று அங்ஙனம் பேச எம் மனம் ஒருப்படவில்லை. அதற்குக் காரணம் இரண்டு விண்ணப்பத் தாள்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் சங்கத்தின் கல்வி நிதிக் குழுவில் யாமும் ஓர் உறுப்பினராயிருந்தோம். அவ்வாண்டு வந்த விண்ணப்பங்களுள் ஒன்று, பனையேறி ஒருவரின் மகளுடையது. தந்தை மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். தாய் விடிலியில் அக்கானி காய்ச்சிக் கருப்புக்கட்டி வார்த்துப் பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்கவைத்திருந்தாள். செவிலியர் படிப்புக்குப் பணம் கட்ட உதவி வேண்டுமென்பது விண்ணப்பம். குழுவில் ஒருவர் பேரேட்டைப் புரட்டினார். அக்குடும்பத்தின் சந்தா மூன்று ஆண்டுகளாக நிலுவை. மூன்றாண்டு நிலுவையுள்ளவர் உறுப்பினராகார் என்பது நம் விதி. விண்ணப்பம் தள்ளப்பட்டது.

மற்றொன்று, நம் கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுத்துத் தரை கூட்டும் அம்மையாருடைய மகனது. பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. அவர்கள் நம் சமூகத்தினர் அல்லர். அத்தாளை முழுவதும் படிக்கவுமில்லை. "பிற சமூகம்" என்று ஓரத்தில் எழுதி மடித்து வைத்தோம். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அதே கூட்டத்தில் மண்டபத்து முகப்புக்கு அலங்கார வளைவு கட்டும் செலவு விவாதமின்றி நிறைவேறிற்று. தீர்மானப் புத்தகத்தில் எம்முடைய கையெழுத்தும் இருக்கின்றது.

கூட்டம் முடிந்து நாங்கள் எழுந்தபின், நாங்கள் இருந்த அறையைப் பெருக்க அவ்வம்மையாரே வந்தார். மகனைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே விடையைத் தெரிந்துகொண்டார் போலும். பனையேறியின் மகள் முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போனாள் எனப் பின்னர் அறிந்தோம். அப்பையன் என்ன ஆனான் என்று யாம் விசாரிக்கவில்லை.

ஒருவரும் விதி தவறி நடக்கவில்லை. விதிப்படியே எல்லாம் நடந்தன. அவ்விதியை வகுத்தவர் நாம். ஆதலால், நம் சங்கத்தில் பணம் எவ்வளவு சேர்ந்தது என்று கேட்குமுன், அது யாருக்காகச் சேர்ந்தது என்று கேட்டல் வேண்டும். நம் மகமை யாருக்கு? இவ்வொரு கேள்வியே இன்றைய எம் பேச்சின் பொருள்.

முதலில், நாம் எவ்வாறு எழுந்தோம் என்பதைச் சற்று நிதானமாக நினைத்துப் பார்ப்போம். நம் உழைப்பால் எழுந்தோம் என்று சொல்லிக்கொள்கின்றோம். அது மெய், ஆயின் அது முழு மெய்யன்று.

பனையேறும் தொழிலுக்கு வரி விதித்தல் இந்நாட்டில் மிகப் பழைய வழக்கம். கி.பி. 849ஆம் ஆண்டின் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலேயே ஏணிக்காணம் என்னும் வரிப்பெயர் காணப்படுகின்றது. மரத்தில் சாத்தும் ஏணிக்கும் காணம்! திருவிதாங்கூர் ஆட்சியில் நம்மவர்மீது தலைவரியும் ஊழியமும் சுமத்தப்பட்டிருந்தன. குடை பிடித்தலும், செருப்பணிதலும், பெண்கள் மார்பின்மீது சீலையிடுதலும் மறுக்கப்பட்டிருந்தன. 1817ஆம் ஆண்டிலேயே, குடிகளின் கல்விச் செலவை அரசாங்கமே ஏற்கவேண்டும் என்று இராணி கௌரி பார்வதிபாய் கட்டளை பிறப்பித்தார். கட்டளை சிறந்ததே. ஆனால் அரசாங்கப் பள்ளியின் வாசல் நம் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் திறக்கவில்லை.

அக்காலத்தில் நமக்கு எழுத்தறிவு வந்த வழி எது? இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள மயிலாடியை நினைமின். அவ்வூரில் மகாராசன் என்றொருவர் இருந்தார். சாம்பவர் குலத்தில் பிறந்தவர். பின்னர் வேதமாணிக்கம் எனப் பெயர் பெற்றவர். தஞ்சாவூர் சென்று, அங்கே கிறிஸ்தவ சமயத்தைத் தழுவித் திரும்பினார். அவர் அழைப்பின் பேரில்தான் ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியப் பாதிரியார் 1806ஆம் ஆண்டில் மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே தொடங்கிய கல்விப் பணியே பின்னர் நாகர்கோவிலுக்குச் சென்று வளர்ந்து, வழிவழியாக ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று. நம்மில் எத்தனை குடும்பங்களின் முதற் பட்டதாரி அக்கல்லூரிப் படியேறியவர் என்று எண்ணிப்பாருங்கள். எந்தச் சமயத்தவராயினும் நம் சமூகத்தார் அப்பணியாற் பெற்ற பயன் பெரிது. அவ்வழியைத் திறந்துவிட்டவர், நம்மவர் பலர் அக்காலத்தில் தம் கிணற்றண்டை வரவிடாத ஒரு குலத்தவர். அவர், "இஃது எங்கள் குலத்தார்க்கு மட்டும்" என்று ஒரு விதி வகுத்திருந்தால் நாம் எங்கே நின்றிருப்போம்?

நாகர்கோவிலில் 1820களில் மால்ட் பாதிரியாரின் மனைவியார் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்பித்த வரலாற்றையும் இங்கே சொல்லவேண்டும். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, அடிமைக் குடியிற் பிறந்த பெண்கள் சிலர் பின்னற் கூலியைச் சேர்த்துத் தம் விலையைத் தாமே கொடுத்து விடுதலை பெற்றனர். ஒருவர்க்கு உரிமை கிடைப்பதற்கும் கையில் நாலு காசு தங்குவதற்கும் உள்ள உறவு இதனால் விளங்கும். அப்பெண்களின் குலம் எது என்று கேட்டபின்பா அவ்வம்மையார் ஊசியும் நூலும் கொடுத்தார்?

இனிச் சாமித்தோப்புக்கு வருவோம். 1809இல் தோன்றி 1851இல் மறைந்த வைகுண்ட சுவாமிகளை நம்மில் தெய்வமாக வணங்குவோரும் உளர். சீர்திருத்தப் பெரியாராக மதிப்போரும் உளர். அவரை அரசாங்கம் பிடித்துத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. அவர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்தார்; கூடியிருந்து உண்ணச் செய்தார். ஒரு கிணற்றையும் தோண்டுவித்தார். முத்திரிக் கிணறு என்று அதற்குப் பெயர். இன்ன சாதியார்க்கு இன்ன கிணறு என்றிருந்த நாளில், எல்லாச் சாதியாரும் ஒருங்கே நீர் எடுத்தற்கென்று அமைந்த கிணறு அது. நம் துயரைக் கண்டு எழுந்த அப்பெரியார், நமக்கென்று மட்டும் ஒரு கிணறு வெட்டிக் கொடுத்திருக்கலாம். அதற்கே நாம் நன்றி பாராட்டியிருப்போம். அவர் அவ்வாறு செய்யவில்லை.

இது நிற்க. தோள்சீலைப் போராட்டத்தை நாம் ஆண்டுதோறும் மேடைகளில் நினைவுகூர்கின்றோம். 1820களில் தொடங்கி, ஓய்ந்தும் கிளர்ந்தும் நிகழ்ந்த அப்போராட்டத்தின் முடிவில், 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜா ஒரு விளம்பரம் வெளியிட்டார். நம் சமூகப் பெண்கள் குப்பாயமோ முரட்டுச் சீலையோ அணிந்து மார்பை மறைக்கலாம். ஆனால் மேற்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணிதலாகாது. இதுவே அவ்விளம்பரத்தின் சாரம். வெற்றியைக் கொடுத்த கையே அதன்மேல் ஒரு வேலியையும் இட்டது. அவ்வேலி நமக்கு மேலே இருந்தமையால் அதை நாம் கண்டோம், வருந்தினோம், அதையும் தாண்டினோம்.

நமக்குக் கீழே இருந்த வேலியோ நம் கண்ணிற் படவில்லை. அவ்விளம்பரம் நம் பெண்களைப் பற்றிப் பேசிற்று. புலையர், சாம்பவர், குறவர் குலத்துப் பெண்களின் மானம் என்னவாயிற்று? ஐம்பத்தாறு ஆண்டுகள் கழிந்து, 1915ஆம் ஆண்டில், கொல்லத்தில் அய்யன்காளி அவர்கள் முன்னிலையில் புலையர் குலப் பெண்கள் தம் அடிமைத்தனத்தின் அடையாளமாகிய கல்மாலைகளை அறுத்தெறிந்த பின்னரே அக்கேள்விக்கு விடை கிடைத்தது. அந்த ஐம்பத்தாறு ஆண்டுகளில் நம் சமூகம் பள்ளி கட்டிற்று; கடை வைத்தது; நிலம் வாங்கிற்று. நம் அயலாரின் பெண்களுக்காக நம் முன்னோர் திரண்டு நின்றனர் என்று சொல்லத்தக்க ஒரு வரலாற்றை யாம் அறியோம். இதைச் சொல்லுதல் முன்னோரை நிந்தித்தலாகாது. அவர் சுமையே அவருக்குப் பெரிதாயிருந்தது. நமக்கு அந்தச் சமாதானம் இல்லை.

பிறர் நமக்காக வேலி தாண்டி வந்ததும் உண்டு. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் எல்லாரும் நடக்கவேண்டும் என்று 1926இலும் பின்னர் 1930இலும் நடந்த சத்தியாக்கிரகத்தை முன்னின்று நடத்தியவர் டாக்டர் எம். ஈ. நாயுடு அவர்கள். அவர் நம் சமூகத்தவர் அல்லர். அவ்வீதியில் நடக்க அவருக்குத் தடை இருந்ததில்லை, நமக்குத்தான் இருந்தது. 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளிவந்தபோது நாம் கோயிலுள் நுழைந்தோம். நம்மோடு சேர்ந்து நமக்குப் பின்னே நின்றவர்களும் நுழைந்தனர்.

இனி, மகமை என்னும் ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லுவோம். இது நம் நாஞ்சில் நாட்டிற் பிறந்ததன்று. வடக்கே இராமநாதபுரம் சீமையில், சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சாத்தன்குடி என்னும் ஊர்களில் வியாபாரம் செய்த நம் சமூகத்தார் கண்ட வழி. வாங்கும் மூட்டைக்கும் விற்கும் மூட்டைக்கும் இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை ஒவ்வொரு வியாபாரியும் ஒதுக்குவார். அத்தொகையை உறவின்முறையின் சார்பில் முறைகாரர் வசூலிப்பார். அதிலிருந்து வண்டிகள் தங்கப் பேட்டையும், குடிநீர்க் கிணறும், கோயிலும், பள்ளியும் எழுந்தன. யாரும் தனியே பெருங்கொடை கொடுக்கவில்லை. ஒருவர் வியாபாரம் பெருகினால் அவர் மகமையும் தானே பெருகும், குறைந்தால் குறையும். இவ்வளவு நியாயமான வரியை எந்த அரசாங்கம் வகுத்தது என்று வியக்கத் தோன்றுகின்றது.

விருதுநகரில் 1889இல் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலையை அறியாதார் இலர். வீடுதோறும் பெண்மக்கள் உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைப்பர். அப்பிடியரிசி பள்ளிக்குச் சேரும். இங்ஙனம் நடந்த அப்பள்ளி சாதி வேறுபாடின்றிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. அரிசி கொடுத்தவர் வீட்டுப் பிள்ளை இது, கொடாதவர் வீட்டுப் பிள்ளை இது என்று வகுப்பறையிற் பிரித்து உட்காரவைக்கவில்லை. அங்கே படித்த ஒரு சிறுவர், வறுமையால் படிப்பை நிறுத்திக் கடையில் வேலைக்குச் சென்றார். பிற்காலத்தில் அவர் சென்னை இராஜ்யத்தின் முதன்மந்திரியானார். காமராஜர் அவர்கள் 1956ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஓர் ஊரின் பிடியரிசி ஒரு நாட்டின் பிடியரிசியாயிற்று என்போம். அத்திட்டம் 1982இல் விரிந்தது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிக் காலைச் சிற்றுண்டியும் அதனோடு சேர்ந்தது. இந்தப் பந்தியில் உட்காரும் பிள்ளையிடம் சந்தாச் சீட்டு கேட்பாரில்லை.

ஆயினும், பந்தி பொதுவானால் மட்டும் போதாது என்பதையும் நாம் கண்டோம். 2018ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், அருந்ததியர் குலத்து அம்மையார் ஒருவர் சமைக்கலாகாது என்று ஊரார் சிலர் தடுத்தனர். அரிசி அரசாங்கத்தினது, பருப்பு அரசாங்கத்தினது, சோற்றைத் தொட்ட கை மட்டும் அவர்கள் கண்ணுக்கு வேறாயிற்று. பிளவுபட்ட சமூகத்தில் உதவி என்பது வெறும் பணத்தாலும் பண்டத்தாலும் ஆவதன்று. கொடுப்பவரும் கொள்பவரும் ஒரே வரிசையில் உட்காரும் மனமும் வேண்டும்.

நம் சமூகத் தலைவர்களுள் அம்மனம் உடையவர் இல்லாமற் போகவில்லை. 1910இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கத்தின் தலைவராக விளங்கிய டபிள்யு. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, ஆதிதிராவிடர்க்கு டிக்கெட் கொடுக்க மறுக்கும் பஸ்களின் உரிமம் நீங்கும் என்று உத்தரவிட்டார். தம் சாதிச் சங்கத்தின் நாற்காலியில் இருந்தவரே பிற சாதியாருக்காகத் தம் அதிகாரத்தைச் செலவிட்டார். அதனால் அவர் சங்கம் குறைந்துபோயிற்றா? 1921இல் தூத்துக்குடியில் நம்மவர் நிறுவிய நாடார் வங்கி, 1962இல் சாதிப் பெயரை நீக்கித் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாயிற்று. பெயரிலிருந்த வேலி விழுந்தபின் அவ்வங்கி சுருங்கிற்றா, பெருகிற்றா? உங்களிற் பலர் அதில் கணக்கு வைத்திருக்கின்றீர்கள்; விடை உங்களுக்கே தெரியும்.

இதுவரை வேலிக்கு வெளியே உள்ளவரைப் பற்றிச் சொன்னோம். வேலிக்கு உள்ளே பார்த்தாலோ, அங்கும் மேடும் பள்ளமும் உள்ளன. பழைய நாளில் நிலமும் மரமும் உடைய நாடான்மார் ஒருபுறம். அம்மரத்தில் ஏறியவர் ஒருபுறம். இருவரும் ஒரே சாதி என்று வெளியார் எழுதினர். ஒரே பந்தியில் இருவரும் உட்கார்ந்ததில்லை. இன்றைக்கு நிலத்தின் இடத்தில் கல்லூரியும், கடையும், வெளிநாட்டுச் சம்பளமும் வந்திருக்கின்றன. பள்ளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றது.

பனையேறியின் நாளை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, தளைநாரைக் காலிற் பூட்டி, பாளை அரிவாளை இடுப்பிற் கட்டி, ஒரு மரம் ஏறி இறங்கி மறு மரம் ஏறுகின்றார். மாலையில் அம்மரங்களையே மீண்டும் ஏறிப் பாளை சீவ வேண்டும். ஒரு வேளை தவறினாலும் பாளை கெடும். பருவமோ ஆண்டில் சில மாதங்களே. இறக்கிய அக்கானியை அன்றே காய்ச்சாவிடில் புளித்துப்போம். காய்ச்ச விறகு வேண்டும். விடிலிப் புகையில் நிற்பவள் மனைவி. கை வழுக்கினால் பிழைப்பும் உயிரும் ஒருங்கே போகும். நம் மேடைகளில் பனையைக் கற்பக விருட்சம் என்கின்றோம். சங்கக் கொடிகளிலும் மலர்களிலும் பனையின் படத்தைப் போடுகின்றோம். அம்மரத்தில் ஏறுகின்றவர் வீட்டுப் பெண்ணைச் சம்பந்தம் பேச நம்மில் எத்தனை பேர் செல்வோம்? பனைத் தொழிலாளர்க்கென்று அரசாங்கத்தின் நலவாரியம் ஒன்று உண்டு. அதிற் பெயர் பதிந்தவர்க்கே அதன் பயன் சேரும். நம் சுற்றுவட்டத்தில் யார் யார் பதிந்திருக்கின்றனர் என்ற பட்டியல் நம் சங்கத்தில் இல்லை. மண்டபத்துக்கு வாடகை பாக்கி வைத்தவரின் பட்டியல் இருக்கின்றது.

2011ஆம் ஆண்டின் மக்கட்கணக்கில் நம் கன்னியாகுமரி மாவட்டம் எழுத்தறிவில் தமிழ்நாட்டு மாவட்டங்களுள் முதலாவது, நூற்றுக்கு 91.75 பேர் எழுத்தறிந்தவர். நாம் பெருமைப்படுகின்றோம், பெருமைக்குரியதே. எழுதப் படிக்கத் தெரிந்த பெண், பணம் கட்ட வழியின்றி மேற்படிப்பின் வாசலில் நின்று திரும்புதலை அவ்வெண் காட்டாது. எழுத்தறிவித்துவிட்டு வாசலை மூடுதல், அறியாமையிலும் கொடிய துன்பம் தருவதாகும்.

இனி, உங்களில் சிலர் மனத்தில் எழும் தடைகளை யாமே எடுத்துச் சொல்லி விடை கூறுவோம். ஏனெனில், அத்தடைகளை அன்று குழுவில் எழுப்பியவர்களுள் யாமும் ஒருவர்.

"சந்தா கொடாதவர்க்கும் உதவினால், கொடுப்பவரும் நிறுத்திவிடுவரே" என்பது ஒரு தடை. சந்தா எதற்கு? சங்கத்தை நடத்தும் பொறுப்பில் பங்கு பெறுதற்கு. வாக்களிக்கவும் பதவி வகிக்கவும் சந்தாவை நிபந்தனையாக்குக, அது முறையே. உதவி பெறுதற்கும் அதனையே நிபந்தனையாக்கினால், எவரால் சந்தா கட்ட இயலவில்லையோ அவரே உதவி வேண்டாதவர் என்று ஆகின்றது. நோயாளி அல்லாதார்க்கே மருந்து என்பது போன்ற விதி இது. மகமை வகுத்த நம் முன்னோர், வியாபாரம் குறைந்தவன் குறைத்துக் கொடுக்கலாம் என்றனர். நாம், குறைந்தவன் வெளியே போகலாம் என்றோம்.

"பிற சமூகத்தார்க்கு அரசாங்க உதவி இருக்கின்றதே, நமக்கு நாமன்றி யார்?" என்பது இரண்டாவது தடை. நமக்கும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடமுண்டு. அதன் பயனை நாமும் பெற்று வருகின்றோம். மேலும், அரசாங்கத்தின் உதவித்தொகை சான்றிதழ்களைக் கடந்து வந்து சேருமுன் கல்லூரியின் கடைசி நாள் கடந்துவிடுகின்றது. அந்த இடைவெளியில் ஒரு மாணவனுக்கு வேண்டுவது சிறு தொகை. திரும்ப அடைக்கத்தக்க தொகை. அதற்கும் இடமில்லாத நிதியா நம்முடையது?

"நிதி சிறிது, எல்லார்க்கும் எங்ஙனம் கொடுப்பது?" என்பது மூன்றாவது. இதுவே மெய்யான தடை. எல்லார்க்கும் கொடுக்க நம்மால் இயலாது. அதனாலேயே யாருக்கு முதலிற் கொடுப்பது என்ற முறை வேண்டும். அம்முறை இன்று சந்தாவையும் சாதியையும் பார்க்கின்றது. நாளை வறுமையைப் பார்க்கட்டும் என்பதே எம் வேண்டுகோள்.

ஆதலால், பின்வரும் ஐந்து யோசனைகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கின்றோம்.

முதலாவது: கல்வி நிதியின் விதியைத் திருத்துக. சந்தா நிலுவை காரணமாக எந்தப் பிள்ளையின் விண்ணப்பமும் தள்ளப்படலாகாது. மதிப்பெண்ணைப் பின்னரும், குடும்பத்தின் நிலையை முன்னரும் பார்க்க.

இரண்டாவது: மரத்திலிருந்து விழுந்து இறந்தோர், கை கால் இழந்தோர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்நிதியில் முதலிடம் அளிக்க. நம் சுற்றுவட்டத்துப் பனையேறிகள் அனைவரையும் நலவாரியத்தில் பதிவு செய்விக்கும் வேலையைச் சங்கத்து இளைஞர் மேற்கொள்க. இதற்குப் பணம் வேண்டா. சில ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.

மூன்றாவது: நிதியில் நான்கில் ஒரு பங்கை நம் ஊர்களில் வாழும் எச்சமூகத்துப் பிள்ளைக்கும் உரியதாக ஒதுக்குக. அப்பங்குக்குரிய விண்ணப்பத்தாளில் சாதி என்னும் வரியே இராதொழிக.

நான்காவது: மண்டபத்தில் இலை எடுப்போர், பாத்திரம் துலக்குவோர், தரை கூட்டுவோர் ஆகியோருக்கு அரசாங்கம் விதித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க, விசேஷத்தன்று அவர்களும் பந்தியில் அமர்ந்து உண்ண வழி செய்க. எச்சமூகத்தார் வந்து கேட்பினும் ஒரே வாடகைக்கு மண்டபத்தைக் கொடுக்க.

ஐந்தாவது: இதற்கெல்லாம் பணம் எங்கே என்பீர்கள். நம் கல்யாணங்களில் ஆயிரம் இலை போடுகின்றோம். பத்து இலைக்கு ஓர் இலையின் விலையை மணவீட்டார் கல்வி நிதிக்கு மகமையாக அளிக்கட்டும். நூறு இலை போடுபவர் பத்து இலைக்கும், ஆயிரம் இலை போடுபவர் நூறு இலைக்கும் கொடுப்பர். பழைய மகமையின் நியாயம் இதிலும் இருக்கின்றது. மணமக்களை வாழ்த்துவோருள் முகமறியா ஒரு பிள்ளையும் சேர்ந்துகொள்ளும்.

இவற்றுள் மூன்றாவது யோசனைக்கு எதிர்ப்பு இருக்கும் என்பதை அறிவோம். கூட்டத்துக்கு வருமுன்னரே நண்பர் சிலர், "மற்ற நான்கையும் சொல்லும், அதை மட்டும் விட்டுவிடும்" என்று அன்போடு சொன்னார்கள். விட்டுவிட எம்மால் இயலவில்லை. வேதமாணிக்கம் வழி திறந்த பள்ளியிற் படித்த குடும்பத்தவர் யாம். எமக்குக் கிடைத்த முதல் எழுத்து வேலிக்கு அப்பாலிருந்து வந்தது. அக்கடனை மயிலாடியார்க்கே திருப்பிக் கொடுத்தல் இயலாது; அடுத்து நிற்பவர்க்குக் கொடுத்தே தீர்க்கவேண்டும்.

சங்கம் வேண்டா என்று யாம் சொல்லவில்லை. சங்கமின்றேல் நம் முன்னோர் எழுந்திருக்கமாட்டார். நாதியற்றவர் ஒன்று கூடுதற்குச் சாதி ஒரு காலத்தில் கைத்தடியாயிருந்தது. எழுந்து நடந்தபின்னும் அத்தடியைக் கொண்டு பிறரைத் தள்ளிநிற்க என்று சொல்லுதல் தகாது. "இறைக்கிற கிணறு ஊறும்" என்பது நம் பாட்டிமார் வாக்கு. நம் கிணற்றில் ஊற்று இருக்கின்றது, இறைத்துப் பார்ப்போம்.

பெரியோர்களே, ஒன்று சொல்லி அமர்கின்றோம். இக்கூட்டம் முடிந்து நாம் எழுந்து சென்றபின் இவ்வறையைப் பெருக்க அதே அம்மையார் வருவார். அவர் மகன் இப்போது எங்கே இருக்கின்றான் என்று யாம் இன்று அவரைக் கேட்கப்போகின்றோம். சில ஆண்டுகள் தாமதமான கேள்வி அது. அவர் வருமுன்னர், இத்தீர்மானங்களை வாக்குக்கு விடுமாறு அக்கிராசனாதிபதி அவர்களை வேண்டிக்கொள்ளுகின்றோம்.